மாமா கூப்பிட்ட கோழிகள்

பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது ஒரு மாசி மாதக் காலையில். தா.பழூர் போய் உரம் வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்தவர், வாசலைத் தாண்டுவதற்குள் அப்படியே சாய்ந்துவிட்டார். அக்கா போட்ட சத்தத்தில் நான் தையல் மெஷினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா என்றால் மாமாவின் மனைவி, என் கூடப் பிறந்தவள் இல்லை. கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் அரியலூர்ப் பக்கம்தான் கிடப்பார். என் மகள் பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது அக்காவும் மாமாவும். மாமா டிராக்டர் ஓட்டுபவர். சேற்று உழவுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். வண்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியதாலோ என்னவோ, வீட்டுக்குள் பேசினாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும். அக்கா அடிக்கடி, "மெதுவாப் பேசுங்க, நானென்ன செவுடா?" என்பாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. "பே… பே…" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வெளிக்கிப் போகவேண்டுமென்றாலும் அதுதான். புரியாமல் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவருக்குக் கோபம் வரும். இடது கையால் கட்டிலைத் தட்டுவார். பிறகு அழுவார். ஆம்பளை அழுவதை அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள்.

எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவில் கிளுவை வேலி. அதில் ஓர் இடத்தில் குனிந்து போகிற அளவுக்குச் சந்து இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதன் வழியாகத்தான் போய் வருவோம். கோழிகளும் அப்படித்தான். பகலெல்லாம் அவள் கோழியும் என் கோழியும் கலந்து மேயும், பொழுது சாய்ந்தால் அதது அதது வீட்டுக்குப் போய் அடையும். என்னிடம் நாலு கோழிதான். அக்காவிடம் குஞ்சும் குளுவானுமாக இருபதுக்கு மேல் இருந்தன. வாரம் தவறாமல் முட்டை கேட்டு யாராவது அவள் வாசலில் நிற்பார்கள். சளி பிடித்த பிள்ளைக்கு, பிள்ளைபெற்ற மகளுக்கு என்று காரணம் சொல்வார்கள். அக்கா இல்லையென்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம். அக்கா மாமாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். நொய் எடுத்துவர உள்ளே போயிருக்கிறாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

"ப்பா… பா… பா… பா…"

நான் மெஷினை நிறுத்தினேன். நல்ல தெளிவான குரல். கொஞ்சம் கம்மல், ஆனால் மாமா குரல்தான். நான் வேலிச் சந்தில் நுழைவதற்குள் அக்கா கையில் முறத்தோடு ஓடிவந்துவிட்டாள். கோழிகள் நாலா பக்கமிருந்தும் வந்து அவர் காலைச் சுற்றி நின்றன. மாமாவுக்கே நம்ப முடியவில்லை. எங்களைப் பார்க்கிறார், கோழியைப் பார்க்கிறார். மறுபடியும் கூப்பிட்டார்.

"ப்பா… பா… பா…"

"ஏய், கேட்டியாடி? ஏய்!" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். முறத்திலிருந்த நொய் எல்லாம் என் புடவையில் கொட்டியது. அவள் சிரித்தாள், அழுதாள், அவர் முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள். "இன்னொருவாட்டி கூப்புடுங்க. இன்னும் ஒரே ஒருவாட்டி."

அதற்குப் பிறகு அது தினப்படி வேலையாகிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் மாமா மரத்தடிக்கு வந்துவிடுவார். மடியில் ஒரு கிண்ணம், அதில் நொய். இடது கையால் இறைத்துக்கொண்டே கூப்பிடுவார். என் கோழிகளும் ஓடிவிடும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாமா, கூட்டம் சேத்துட்டீங்க" என்பார்கள். அவர் பாதி வாயால் சிரிப்பார்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு வார்த்தையும் வந்தது. அக்காவிடம் ஒரு கறுப்புப் பெட்டை இருந்தது. மற்ற கோழிகள் இரையைத் தின்றுவிட்டுப் போனாலும் அது மட்டும் அவர் காலடியில் படுத்துக்கிடக்கும். ஒருநாள் அது வரவில்லை. மாமா சுற்றிலும் பார்த்துவிட்டு, அக்காவிடம், "கருப்பு?" என்றார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடையில படுத்திருக்குங்க. கருப்பு அடையில படுத்திருக்கு" என்று அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று இரவுச் சோற்றுக்கு எனக்கும் சேர்த்து வடை சுட்டாள். வேலிச் சந்தில் கிண்ணத்தை நீட்டியபடி சொன்னாள். "பாத்துக்கிட்டே இரு. அடுத்தது என் பேரத்தான் சொல்லப்போறாரு."

அந்தக் கறுப்புக் கோழி அடையில் படுத்தது எனக்கும் நல்லதாகப் போனது. குறுவை அறுப்பு முடிந்து வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து பட்டி போட்டிருந்தார்கள். எனக்கு ரொம்ப நாளாக வாத்து வளர்க்க ஆசை. அவர்களிடம் எட்டு முட்டை வாங்கிவந்தேன். ஆனால் அடை வைக்க என்னிடம் கோழி இல்லை.

"எங் கருப்புகிட்ட வச்சுரு" என்றாள் அக்கா.

"ஒன் முட்டை?"

"என் முட்டை எங்க ஓடிப்போவுது? அடுத்த அடைக்கு வச்சுக்கறேன்."

கோழிக்குஞ்சு மூன்று வாரத்தில் பொரித்துவிடும். வாத்துக்கு ஒரு வாரம் கூட ஆகும். அந்த ஒரு வாரமும் கோழி எழுந்து போய்விடாமல் அக்கா பக்கத்திலேயே தண்ணியும் இரையும் வைத்துப் பார்த்துக்கொண்டாள். எட்டில் ஆறு பொரித்தது. மஞ்சள் மஞ்சளாக ஆறு வாத்துக் குஞ்சும் கறுப்புக் கோழியின் பின்னால் போவதைப் பார்த்து மாமா, "கருப்பு, கருப்பு" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வளர்ந்ததும் ஆறையும் அக்கா என் பக்கம் ஓட்டிவிட்டாள். பாதியை நீ வைத்துக்கொள் என்றேன். "கோழிக்கே எடம் பத்தல, போடி" என்றாள்.

அதெல்லாம் அவள் செய்தது. நான் செய்ததை இனித்தான் சொல்லவேண்டும்.

மறு வருடம் மாசியில் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊருக்கு வந்து கோழிகளுக்குக் கழிச்சல் நோய்க்கு ஊசி போட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மாமாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப்போகிற நாள். அக்கா முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். நான் என் நாலு கோழியையும் கட்டைப்பையில் போட்டு எடுத்துப்போய் இறக்கையில் ஊசி போட்டுவந்தேன். அக்கா இல்லாததால் அவள் கோழிகளையும் நான்தான் திறந்துவிட்டேன், அப்போதே பிடித்திருக்கலாம். இருபது கோழியை ஒருத்தியாக எப்படி எடுத்துப்போவது என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் வந்ததும் அக்கா தன் கோழிகளுக்கும் ஊசி போட்டாச்சா என்று கேட்டாள், இல்லையென்றேன். "போவுது, ஆஸ்பத்திரிக்கு நேரா ஒருநாள் கொண்டுபோயிருவோம்" என்றாள். மாமாவைப் பார்ப்பதிலேயே அது தள்ளிப்போனது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது, ரோட்டோரத்தில் ஒரு ஆள் கூடையில் கோழி வைத்து விற்றுக்கொண்டிருந்தான். நல்ல பெருவெட்டான பெட்டை இரண்டு. கேட்டதற்குக் கொடுத்தான். பேரமே பேசவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அக்கா பலதடவை சொல்லியிருக்கிறாள். "சந்தையில, ரோட்டுல வாங்காத. எந்த வூட்டு சீக்கக் கொண்டாந்து தள்ளுறானோ. வேணும்னா எங்கிட்ட குஞ்சு எடுத்துக்க." எனக்கு எல்லாவற்றுக்கும் அவளிடமே கை நீட்டுவது ஒரு மாதிரி இருந்தது. வாத்தும் அவள் கோழி பொரித்தது. கோழியாவது நானாக வாங்கியதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை திறந்துவிட்டதும் இரண்டும் வேலி தாண்டி அக்கா கொல்லைக்குப் போய்விட்டன.

"புதுசா இருக்கே, ஏதுடி?" என்று அக்கா கேட்டாள்.

"தங்கச்சி வூட்டுல குடுத்தாங்கக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். மிஞ்சிப்போனால் இரண்டு வார்த்தை திட்டியிருப்பாள்.

அன்று சாயங்காலம் மாமா கூப்பிட்டபோது ஒன்று ஓடி வந்தது, இன்னொன்று வேலியோரமாகவே நின்றது. இறக்கை தொங்கியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. நான் தூக்கிவந்து பார்த்தேன். பின்பக்கம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் பட்டியே காலியானதைப் பார்த்தவள் நான். குளியலறையில் கூடைபோட்டுக் கவிழ்த்து, சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை விடிந்து பார்த்தால் செத்துக்கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் வயல் பக்கம் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைத்தேன். இன்னொன்றையும் அடித்து அதோடு போட்டு மூடினேன். அவற்றைப் போட்டுக் கொண்டுவந்த சாக்கைக் கொளுத்தினேன். குளியலறையைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். எல்லாம் செய்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை.

அன்று பத்து மணிக்கு அக்கா வேலிச் சந்தில் முருங்கைக்கீரையோடு வந்து நின்றாள்.

"எங்கடி ஒந் தங்கச்சி குடுத்த கோழி? காலையிலேந்து காணும்?"

"அவரு வந்தாருல்ல, அடிச்சுக் கொழம்பு வச்சுட்டேங்க்கா."

"ரெண்டையுமா? தின்னிப்பண்டாரம்" என்று சிரித்துவிட்டு, கீரையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். கோழிகளை அடைத்துவைத்திருப்பாள். ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். எத்தனை தப்பித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. சிலதாவது தப்பித்திருக்கும். கறுப்பு தப்பித்திருக்கலாம். நான் கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள்தானே வெளியே திரிந்தது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியது. திங்கட்கிழமை மூன்று செத்தன. அக்கா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வந்து பார்த்தார். "இனி ஊசி போட்டுப் பிரயோஜனமில்லம்மா, வந்துடுச்சு. செத்ததை ஆழமாப் புதைங்க. நல்லா இருக்கறதைத் தனியா வைங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் கலக்க ஒரு மருந்து கொடுத்தார். கறுப்பைத் தவிரத் தனியாக வைக்க நல்லதாக எதுவும் மிச்சமில்லை. புதன்கிழமை ஏழு. குஞ்சுகள் முழுவதும் வியாழக்கிழமை. நானும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் அவளோடு குழி வெட்டினேன். அவள் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து எடுத்துக் கொடுத்தாள், நான் போட்டேன். ஊசி போட்டிருந்ததால் என் நாலு கோழியும் நன்றாக இருந்தன. வாத்துக்கு அந்த நோய் அவ்வளவாக வராதாம். ஆறும் வாய்க்காலில் நீந்திக்கொண்டிருந்தன.

கறுப்புதான் கடைசி. அதைத் தனியாகப் பிரித்து மாமாவின் கட்டிலுக்கடியில் கூடை போட்டு வைத்திருந்தாள் அக்கா. மாமா அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று இடது கையைக் காட்டிக் காட்டிக் கேட்டார். வைத்தாள். அது வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அவர் ஒரு விரலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மதியம் தலை சாய்ந்தது. அதை எடுக்க அவர் விடவில்லை. தூங்கிய பிறகுதான் அக்கா எடுத்தாள்.

அன்று சாயங்காலமும் அவர் மரத்தடிக்குப் போகவேண்டுமென்றார்.

"வேணாங்க, உள்ள இருங்க" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவர் கட்டிலைத் தட்டினார். கூட்டிவந்து உட்கார வைத்தாள். மடியில் கிண்ணத்தை வைத்தாள்.

"ப்பா… பா… பா… பா…"

ஒன்றும் வரவில்லை. என் கோழிகள் போய்விடாமலிருக்க நான் காலையிலேயே வேலிச் சந்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தேன். டாக்டர் அப்படித்தான் சொன்னார். அவர் மறுபடி கூப்பிட்டார். கொஞ்சம் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக, பழைய மாமா டிராக்டரின் மேலிருந்து கூப்பிடுவது போல. நான் மெஷினில் உட்கார்ந்து, காலை வேகமாக மிதித்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலேயும் கேட்டது.

தினமும் கூப்பிட்டார். செத்ததெல்லாம் அவருக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவர்தான். ஆனாலும் வெயில் தாழ்ந்தால் போய் உட்கார்ந்து கூப்பிட்டார். தெருவில் போகிறவர்கள் இப்போது நிற்பதில்லை, தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்து, தகரத்தை எடுத்துவிட்டு, வாத்துகள் ஆறையும் அந்தப் பக்கம் ஓட்டினேன். அவை கத்திக்கொண்டு போய் அவர் காலடியில் நொய்யைப் பொறுக்கின. மாமா குனிந்து பார்த்தார். ஒவ்வொரு வாத்தாகப் பார்த்தார். அவற்றுக்கு நடுவில் எதையோ தேடுகிற மாதிரி கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தார்.

"கருப்பு?" என்றார்.

அவர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மெல்ல மெல்லக் கூப்பிடுவதும் குறைந்தது. ஐந்தாறு தடவை கூப்பிட்டவர் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு தடவை. சித்திரை முடிவதற்குள் அதுவும் நின்றது. "பே… பே…" மட்டும்தான்.

இரண்டு மாதம் கோழியே வைக்கவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா கொல்லை முழுக்கச் சுண்ணாம்பு தெளித்து, கூட்டைப் பிரித்து வெயிலில் காயவைத்து, நாள் பார்த்துக் காத்திருந்தாள். ஆனி பிறந்ததும் எங்கோ சொல்லிவைத்துப் பன்னிரண்டு குஞ்சு வாங்கிவந்தாள். முதல் வேலையாக ஊசி போட்டாள். அட்டைப்பெட்டியோடு கொண்டுபோய் மாமாவின் மடியில் வைத்தாள். பெட்டிக்குள் கீச்கீச்சென்று சத்தம்.

"பாருங்க, கருப்புகூட ரெண்டு இருக்கு. கூப்புடுங்க. ப்பா பா பா… கூப்புடுங்களேன்."

அவர் பெட்டிக்குள் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அக்கா அவருக்கு முன்னால் மண்ணில் குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி உதட்டைக் குவித்துக் குவித்துக் காட்டினாள். "ப்பா… பா… பா…" நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

ஆவணியில் மாமாவுக்கு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை தஞ்சாவூர் போய்ச் சேரவில்லை. வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவின் மகளும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஊருக்குப் போய்விட்டாள். அக்கா தனியாக இருக்கிறாளே என்று நான் அவள் வீட்டிலேயே கிடந்தேன். ஒரு மதியம் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"நாந்தான்டி அவரக் கொன்னுட்டேன்."

"என்னக்கா பேசுற?"

"நீ ஊசி போட்ட, ஒன் கோழி நின்னுச்சு. நான் போடல. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். ஒருநா அவர வுட்டுட்டு, கோழியத் தூக்கிட்டுப் போயிருந்தா என்ன? கொறஞ்சா போயிருக்கும்? அந்தக் கோழிங்க இருந்திருந்தா அவரு பேசியிருப்பாரு. எம் பேரச் சொல்லியிருப்பாரு. ரெண்டு வார்த்தை வந்துச்சுல்ல? மூணாவது வந்திருக்காதா?" அவள் அழவில்லை. "தெனமும் படுத்தா அதான் நெனப்பு. எஞ் சோம்பேறித்தனத்தால போச்சு."

ஐந்து மாதமாக அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவள் குழி வெட்டும்போது கூட நின்றிருக்கிறேன், அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன், மாமா உடம்பைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் எடுத்து ஊற்றியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. என் தப்பு எனக்குள் இருப்பது எனக்கு மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, நீ இல்ல. நான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ரோட்டோரத்தில் வாங்கியதை, தங்கச்சி வீடு என்று பொய் சொன்னதை, குளியலறையில் கவிழ்த்துவைத்ததை, புதைத்ததை. சொல்லும்போது என் குரல் யாருடையதோ போல இருந்தது.

அக்கா கேட்டாள்.

"எப்ப செத்துச்சு அது?"

"செவ்வாக்கெழம காலையில."

"செவ்வாக்கெழமதான நான் ஒனக்கு கீரை கொண்டாந்தேன்?"

"ஆமாங்க்கா."

"அப்பக் கேட்டேன்ல, கோழி எங்கன்னு?"

"கேட்டக்கா."

"எங்கோழிக்குத் தலை சாஞ்சது அதுக்கு மேல அஞ்சு நாள் கழிச்சு." விரலை மடக்கிப் பார்த்தாள். "அஞ்சு நாள் இருந்துச்சு எனக்கு."

நான் அவள் காலைத் தொடப்போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. சுடுகிற பாத்திரத்திலிருந்து கையை எடுப்பது போல.

"கோழி செத்ததுகூட போவுது" என்றாள். "மனுசனுக்கே சாவு வருது. ஆனா இத்தன நாளா நாந்தான்னு நான் வெந்துக்கிட்டுக் கெடக்கறேன். ஒரு நாளைக்கு நாலுதடவ வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருக்க." அப்புறம், "எந்திரி. வூட்டுக்குப் போ" என்றாள்.

மறுநாள் காலையில் பார்த்தேன். வேலிச் சந்தில் கருவேல முள் வெட்டிப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் தனியாக எப்போது வெட்டினாள், எப்படிக் கட்டினாள் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். லாரித் தூசி போகக் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்து கேட்டார். "சொல்லாமயே இருந்திருக்கலாம்ல? போனவரு போயிட்டாரு. அந்தம்மாவுக்கும் ஒனக்கும் இருந்ததாச்சும் இருந்திருக்கும்" என்றார். அவள் தன்மேல் பழி போட்டுக்கொண்டு இருந்தாளே, அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்றேன். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அப்ப மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மகள் வந்து அக்காவைப் பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளம்புகிற அன்று நான் வாசலில் நின்றேன். அக்கா வளர்ந்துவிட்ட அந்தப் பன்னிரண்டு கோழியையும் எதிர்த்தெருவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தாள். என் வாசலைத் தாண்டித்தான் கூடையைத் தூக்கிப்போனாள். காரில் ஏறும்போது, தெருவில் நின்ற எல்லாரையும் பார்த்து, "வரேன்" என்றாள். அந்த எல்லாரிலும் நானும் இருந்தேன்.

தையில் நான் பெரம்பலூர் போனேன். போகலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்து, கடைசியில் ஒருநாள் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அரியலூரில் பஸ் மாறி, இறங்கி, விசாரித்துப் போனால் மாடியில் வீடு. மகள் கதவைத் திறந்து, "வாங்க சித்தி" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா அவளிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா இளைத்திருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா, ஒக்காரு" என்றாள். காப்பி கொடுத்தாள். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்றாள். பேரன் பேத்திகளின் படிப்பைச் சொன்னாள். என் மகளின் நர்சிங் படிப்பு எப்போது முடிகிறது என்று கேட்டாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று மகள் பிடிவாதமாக இலை போட்டாள். அக்கா எனக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றினாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆறிவிட்டாள் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அவளே மாடிப்படி இறங்கி, தெரு வாசல் வரை கூட வந்தாள். கைப்பையை அவள்தான் பிடித்திருந்தாள். ஆட்டோ வந்ததும் அதை என் கையில் கொடுத்தாள்.

"இனிமே வராத" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன்.

"கோவம்லாம் இல்ல. சத்தியமா இல்ல. ஒன்னயப் பாத்தா அவரு ஒக்காந்து கூப்புட்டுக்கிட்டே இருக்கறது காதுல கேக்குது. ரெண்டு நாளைக்குத் தூங்க மாட்டேன். மகளுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒம் மக கல்யாணத்துக்குப் பத்திரிக்க அனுப்பு. எம் மக வருவா."

"சரிக்கா" என்றேன்.

ஆட்டோக்காரரிடம் அவளே, "பஸ் ஸ்டாண்டுல எறக்கிவுட்டுருங்க, அரியலூர் பஸ் நிக்கிற எடத்துல" என்று சொன்னாள். வண்டி திரும்புகிறபோது அவள் ஏற்கெனவே படியேறத் தொடங்கியிருந்தாள். முழங்கால் வலி போலிருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று ஏறினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் கேட்ட கண்டக்டர் இரண்டு தடவை ஊர் பேரைக் கேட்கும்படி ஆனது. பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்து, "ரெண்டு அரியலூர் குடுங்க" என்றாள்.